நான்கு குளுவான், ஒரு வளைகோடு: இழைக் கோட்பாட்டு வழியில் சிதறல் வீச்சு

எம்.எஸ்சி. இயற்பியலில் குவாண்டம் புலக் கோட்பாடு பெரும்பாலும் காம்ப்டன் சிதறலோடு நின்றுவிடுகிறது. இரண்டு ஃபெய்ன்மன் படம் வரைந்து, காமா அணிகளுக்கு டிரேஸ் எடுத்து, விடை வந்ததும் பாடம் முடியும். அடுத்த படி குளுவான், அதாவது வலுவிசையைக் கடத்தும் துகள். அங்கேயும் அதே முறையைப் பிடித்துக்கொண்டு போனால் நோட்டு தீரும், கணக்கு தீராது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் அந்தப் படியில் நின்று யோசிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நோட்டும் சயின்டிஃபிக் கால்குலேட்டரும் போதும். துகள்களை அதிரும் நுண்ணிழைகளாகக் கொள்ளும் இழைக் கோட்பாட்டிலிருந்து வந்த உத்திகளைக் கொண்டு கடைசி எண் வரை போய்ச் சேரலாம்.

இயற்கை உண்மையிலேயே இழைகளால் ஆனதா என்ற கேள்வியை இங்கே ஒதுக்கி வைக்கலாம். அதற்கு என்ன விடை வந்தாலும் கீழே உள்ள கணக்கு எதுவும் மாறாது. இழைக் கோட்பாடு பிறந்ததே ஒரு சிதறல் வீச்சாகத்தான், அதாவது வர்க்கித்தால் மோதலின் நிகழ்தகவைத் தரும் எண்ணாகத்தான். 1968ல் வெனெசியானோ எழுதிய சூத்திரம் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் ஓர் இழை இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஆகவே வீச்சு கணக்கிட அதைப் பயன்படுத்துவது அதன் பிறந்த வீட்டு வேலை.

முதலில் சுமை எவ்வளவு என்று பார்ப்போம். இரண்டு குளுவான் மோதி இரண்டு வெளிவந்தால் 4 படம். மூன்று வந்தால் 25. நான்கு வந்தால் 220. ஐந்துக்கு 2,485, ஆறுக்கு 34,300, எட்டுக்கு ஒரு கோடியைத் தாண்டுகிறது. அந்த 220ஐப் பிரித்தால், மும்முனைகள் (மூன்று குளுவான் கூடும் புள்ளிகள்) மட்டும் உள்ளவை 105, ஒரு நான்முனை (நான்கு கூடுவது) கலந்தவை 105, இரண்டு நான்முனை உள்ளவை 10. குளுவான் மும்முனை ஒவ்வொன்றிலும் ஆறு உறுப்பு. நான்கு மும்முனை கொண்ட ஒரு படத்திலேயே ஆறின் நான்கு அடுக்கு, அதாவது 1,296 உறுப்பு விரியும். இத்தனையும் விரித்துச் சேர்த்த பிறகு பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது ஒற்றை வரி. அந்த ஒற்றை வரியை நேராகப் பிடிப்பதுதான் நம் வேலை.

முதல் உத்தி, நிறத்தையும் (வலுவிசைக்குரிய மின்னூட்டம்) இயக்கத்தையும் பிரித்து வைப்பது. திறந்த இழையின் இரு முனையிலும் சான், பேட்டன் இருவரும் 1969ல் ஒட்டிய குறியீடுகள் இருக்கின்றன. இழைகள் மோதும் பரப்பு ஒரு வட்டத் தட்டு. குளுவான்கள் அதன் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைப்படி நிற அணிகளைப் பெருக்கி டிரேஸ் எடுத்தால் அது நிறப் பகுதி. அதே வரிசைக்கு உரிய இயக்கப் பகுதி தனியாக நிற்கும். அதற்கு நிறவரிசை வீச்சு என்று பெயர். 1987, 88ல் மங்கானோ, பார்க், ஷூ மூவரும் இந்த அமைப்பை இழைக் கோட்பாட்டிலிருந்து எடுத்துக் குளுவான் கணக்கில் பொருத்தினார்கள்.

தோவாளையில் பூக்கட்டுகிறவர் ஆறு வெவ்வேறு பூவை ஒரு வளைய மாலையாகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையைச் சுழற்றினால் வரிசை மாறாது. ஆகவே 720 அல்ல, 120 மாலைதான். திருப்பிப் போட்டாலும் அதே மாலை என்பதால் 60. நிறவரிசை வீச்சும் அப்படியே. சுழற்றினால் மாறாது. திருப்பினால், துகள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் மட்டும் குறி மாறும். ஒரு வரிசைக்குள், அடுத்தடுத்து நிற்கும் குளுவான்கள் மட்டுமே ஒன்றுசேர முடியும். அதனால் ஆறு குளுவானுக்கு 220 படம் 38 ஆகக் குறைகிறது (14 + 21 + 3). நான்கு குளுவானுக்கு மூன்றே படம்.

இரண்டாவது உத்தி ஸ்பினார். நிறையற்ற துகளின் உந்தத்தை இரண்டு உறுப்புள்ள ஸ்பினாராக உடைக்கலாம். 1, 2 என்ற இரு துகளின் ஸ்பினார்களை எதிர்ச்சமச்சீராகப் பெருக்கினால் ⟨12⟩, அதன் இணை [12]. இரண்டையும் ⟨12⟩[21] என்று பெருக்கினால் இரு உந்தக் கூட்டலின் வர்க்கம். அதாவது ⟨12⟩ என்பது ஆற்றல் வர்க்கத்தின் வர்க்கமூலம், கூடவே ஒரு கட்டக்கோணம். எல்லாக் குளுவானும் வெளிச்செல்வதாகவே கொள்வது வழக்கம். உள்ளே வரும் குளுவானுக்கு உந்தத்தின் குறியும் ஹெலிசிட்டியும் (இயக்கத் திசையில் உள்ள ஸ்பின்) இரண்டுமே மாறும். ஹெலிசிட்டியை மாற்ற மறப்பது மிகச் சாதாரணமான பிழை. விடை சுழியமாக வரக்கூடாத இடத்தில் சுழியம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மரப்பட அளவில், அதாவது வளையம் இல்லாத படங்களில், எல்லா ஹெலிசிட்டியும் நேர் என்றால் வீச்சு சுழியம். ஒன்று மட்டும் எதிர் என்றாலும் சுழியம். இரண்டு எதிர் (1, 2), மற்றவை நேர் என்றால்,

⟨12⟩⁴ ÷ (⟨12⟩⟨23⟩⟨34⟩⟨41⟩)

இது நான்கு குளுவானுக்கு. ஐந்து, ஆறு, இருபது எதுவானாலும் பகுதியில் வரிசையை நீட்டிக்கொண்டே போகலாம். 1986ல் பார்க், டெய்லர் இருவரும் இதை எழுதினார்கள். பெரெண்ட்ஸ், கீலே இருவரும் 1988ல் மீள்வரு தொடர்பு மூலம் நிறுவினார்கள்.

நான்கு குளுவானுக்கு இதைக் கையால் வருவிக்க ஒரு பக்கம் போதும். முனைவாக்க வெக்டருக்கு ஒரு துணை உந்தம் தேர்ந்தெடுக்க வேண்டும். 1க்கும் 2க்கும் துணை 4, 3க்கும் 4க்கும் துணை 1 என்று எடுங்கள். முனைவாக்கங்களின் உட்பெருக்கங்களில் 2க்கும் 3க்கும் இடையிலானது மட்டும் பிழைக்கும். நான்முனைக்கு இரண்டு உட்பெருக்கம் தேவை, ஆகவே அது போயிற்று. 4, 1 இரண்டும் சேரும் மும்முனையும் சுழியமாகிவிடும், அந்தப் படமும் போயிற்று. மிஞ்சுவது 1, 2 சேர்ந்து பிரியும் ஒரே படம். ஆனால் விடையில் 2, 3 சேரும் வழிக்குரிய துருவமும் (பகுதி சுழியமாகி வீச்சு வெடிக்கும் இடம்) இருக்கிறதே என்று கேட்கலாம். அது முனைவாக்க வெக்டரின் பகுதியிலிருந்து வருகிறது. ஒரு குளுவானுக்கு எடுத்த துணை உந்தத்தை ஒரே நிறவரிசை வீச்சின் நடுவில் மாற்றக் கூடாது. வேறு வரிசைக்குப் போகும்போது மாற்றலாம், ஏனென்றால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே கேஜ் மாறாதது.

இப்போது எண். எஸ் என்பது 1, 2 உந்தக் கூட்டலின் வர்க்கம், டி என்பது 2, 3க்கு, யு என்பது 1, 3க்கு. எஸ் + டி + யு = 0. நேர்க்கோணச் சிதறலை எடுப்போம், அதாவது எஸ் = 1, டி = யு = −½.

எதிர் ஹெலிசிட்டி இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. அவற்றில் சூத்திரத்தின் தொகுதியை வர்க்கித்துக் கூட்டினால் 2 × (1 + 1/16 + 1/16) = 2.25. வரிசைகள் ஆறு, திருப்பியவை சமம் என்பதால் மூன்று இரட்டை. பகுதிகளை வர்க்கித்துத் தலைகீழாக்கினால், முதல் இரண்டு வரிசைக்குத் தலா 4, மூன்றாவதற்கு 16, ஆக 24, இரட்டித்தால் 48. 2.25 × 48 = 108. நிறக் கூட்டல் 3² × (3² − 1) = 72. பெருக்கினால் 7,776. உள்வரும் இரு குளுவானின் ஹெலிசிட்டிக்கும் நிறத்துக்கும் சராசரி எடுக்க 2 × 2 × 8 × 8 = 256ஆல் வகுக்க வேண்டும். விடை 30.375, இணைப்பெண்ணின் (வலுவிசையின் வலிமையைக் குறிக்கும் எண்) நான்காம் அடுக்கு மடங்கு.

இதைச் சரிபார்க்கப் பாடநூலில் உள்ள பழைய சூத்திரம் இருக்கிறது: 9/2 × (3 − டி·யு/எஸ்² − எஸ்·யு/டி² − எஸ்·டி/யு²). நம் எண்களைப் போட்டால் 4.5 × (3 − 0.25 + 2 + 2) = 30.375. புள்ளி மாறாமல் பொருந்துகிறது. ஹாட்ரான் மோதலில் ஜெட் உருவாக்கக் கணக்கின் பெரிய பங்கு இந்த எண்ணில்தான் இருக்கிறது.

30.375க்குப் பதில் 1.898 வருகிறதா? சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. இரண்டு நிற அணிகளின் பெருக்கத்துக்கு டிரேஸ் எடுத்தால் 1 வரும்படி இங்கே அளவிட்டிருக்கிறோம். பாடநூல்களில் ½ என்று இருக்கும். இந்த இரண்டு வழக்கத்தையும் கலந்தால்தான் அந்தப் பதினாறு வரும்.

ஸ்பினாரைக் கணினியில் எண்ணாகப் போடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. வழக்கமான சூத்திரத்தில் ஆற்றலோடு மோதல் அச்சு உந்தத்தைக் கூட்டி அதன் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். எதிரே வரும் குளுவானுக்கு அந்தக் கூட்டல் சுழியம், நிரல் அங்கேயே முறிந்துவிடும். மோதல் அச்சுக்குச் செங்குத்தான திசையை எடுத்தால் நேர்க்கோணத்தில் வெளிவரும் குளுவான் அதே குழியில் விழும். எந்தக் குளுவானும் போகாத ஒரு சாய்வுத் திசையை எடுத்துக்கொள்வதே நல்லது. பிறகு ⟨12⟩[21] = எஸ் வருகிறதா, ⟨12⟩[23] + ⟨14⟩[43] = 0 வருகிறதா என்று இரண்டு சோதனை. இரண்டும் 12 தசமம் வரை நிற்காவிட்டால் மேலே போகாதீர்கள்.

ஐந்து குளுவானுக்கும் இதே வழி செல்லும். ஆறில் மூன்று எதிர், மூன்று நேர் என்ற 20 அமைப்புகள் புதிதாக வரும், அவற்றுக்கு ஒற்றை வரிச் சூத்திரம் போதாது. நிறக் கூட்டலும் அங்கே இவ்வளவு எளிதாக நிற்காது. ஒன்பதில் ஒரு பங்கு அளவில் குறுக்குப் பெருக்கங்கள் சேரும்.

இதுவரை இழையிலிருந்து எடுத்தது அடுக்கி வைக்கும் முறை மட்டும். இனி இழையின் வீச்சையே எழுதுவோம். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

நான்கு குளுவான்கள் தட்டின் விளிம்பில் நிற்கின்றன. விளிம்பை ஒரு நேர்கோடாக விரிக்கலாம். கோட்டின் சமச்சீர் காரணமாக மூன்று துகளின் இடத்தை நாமே நிலையாக வைத்துவிடலாம். 1ஐ சுழியத்திலும், 3ஐ 1லும், 4ஐ முடிவிலியிலும் வையுங்கள். மிஞ்சிய 2, சுழியத்துக்கும் 1க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அந்த இடத்தின் மீது தொகையிட வேண்டும். மூன்றை நிலையாக வைக்க மறந்தால் அதே அமைப்பை முடிவிலி முறை எண்ணிவிடுவோம், தொகை வெடிக்கும். 2, 1ஐ நெருங்கும் ஓரத்தில் ஒரு ஃபெய்ன்மன் படம் ஒளிந்திருக்கிறது. 3ஐ நெருங்கும் ஓரத்தில் இன்னொன்று. தனித்தனிப் படங்கள் கிடையாது, ஒரே தொகையீட்டின் இரு ஓரங்கள்தான்.

மிகையிழையில் (மிகைச்சமச்சீர் கொண்ட இழை) இந்தத் தொகையீட்டைச் செய்தால், விடை நாம் மேலே எழுதிய குளுவான் வீச்சேதான், ஒரு காரணியால் பெருக்கப்பட்டு. இழையின் நீளத்தைக் குறிக்கும் அளவு ஆல்ஃபா. அ = −ஆல்ஃபா × எஸ், ஆ = −ஆல்ஃபா × டி என்று வைத்தால் அந்தக் காரணி

காமா(1 + அ) × காமா(1 + ஆ) ÷ காமா(1 + அ + ஆ)

இதைத் தொகையீடாகவே வைத்துக்கொண்டு மாறியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இடத்தின் அ அடுக்கை ய என்று வைத்தால் போதும். சுழிய ஓரத்தில் முடிவிலிக்குப் போகும் தொந்தரவு மறைந்து, தொகையீடு ஒரு வளைகோட்டின் கீழுள்ள பரப்பாக மாறிவிடும். வளைகோடு இது: ய-வின் (1/அ) அடுக்கும் வ-வின் (1/ஆ) அடுக்கும் கூடினால் 1. முதல் கால்பகுதியில் அது அடைக்கும் பரப்புதான் இழையின் காரணி.

அ = ஆ = 1 என்றால் வளைகோடு ய + வ = 1 என்ற நேர்கோடு. பரப்பு முக்கோணம், ½. காமா சூத்திரத்தில் போட்டாலும் ½.

அ = ஆ = ½ என்றால் ய² + வ² = 1. கால் வட்டம். காரணி பை/4, அதாவது 0.7854.

அ = ஆ = 1/10 என்றால் ய¹⁰ + வ¹⁰ = 1. மூலை மட்டும் கொஞ்சம் மழுங்கிய சதுரம். பரப்பு 0.98573.

ஆல்ஃபா சுழியத்தை நோக்கிப் போகப் போக மூலை கூராகிக்கொண்டே வந்து முழுச் சதுரமாகிறது. பரப்பு 1. காரணி 1 ஆனால் மிஞ்சுவது சாதாரணக் குளுவான் வீச்சு. மழுங்கிய மூலையின் பரப்புதான் இழை தரும் திருத்தம். எஸ்ஸையும் டியையும் இடம் மாற்றினால் வீச்சு மாறாது என்ற இருமைப் பண்பும் இதிலேயே கண்ணுக்குத் தெரிகிறது: ய அச்சையும் வ அச்சையும் மாற்றிப் பிடித்தால் பரப்பு மாறுமா? ஃபெய்ன்மன் படங்களில் இரண்டு வழிகளையும் தனித்தனியே கூட்ட வேண்டும். இழையில் அவை ஒரே பரப்பை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது.

0.98573ஐக் கால்குலேட்டரில் எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். ய = 1 ஓரத்தில் வளைகோடு செங்குத்தாக விழுகிறது, சிம்ப்சன் விதி அங்கே தடுமாறும். மூலைவிட்டத்தில் வெட்டுங்கள். ய = வ ஆகும் இடம் 0.933033 (பத்து முறை பெருக்கினால் ½). சுழியத்திலிருந்து அதுவரை தொகையிட்டால் 0.928141. இரட்டித்து, இரண்டு முறை எண்ணப்பட்ட சதுரம் 0.870551ஐக் கழித்தால் 0.98573. ஈருறுப்புத் தொடராக விரித்தால் ஐந்தாறு உறுப்பிலேயே ஐந்து தசமம் கிடைத்துவிடும்.

அ, ஆ சிறியவை என்றால் காரணியை 1 − (பை²/6) × அ × ஆ + 1.20206 × அ × ஆ × (அ + ஆ) என்று விரிக்கலாம். அந்த 1.20206 ரீமான் ஸீட்டாவின் மூன்றாம் மதிப்பு. நம் எண்ணில் போட்டால் 0.98596, இரண்டு உறுப்புத் திருத்தத்திலேயே நெருங்கிவிட்டது. ஆல்ஃபாவின் முதல் அடுக்கில் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மிகையிழையை எடுத்ததன் லாபம் அது. போசானிக் இழையை எடுத்தால் முதல் அடுக்கிலேயே திருத்தம் வரும், வர்க்கநிறை எதிராக உள்ள டாக்கியான் துருவமும் கூடவே வரும். எல்லை எடுக்கும்போது அதைக் கையால் களைய வேண்டியிருக்கும்.

திருத்தம் எவ்வளவு சிறியது? இழை அளவு 10¹⁸ ஜிஇவி என்று வைத்தால், எல்எச்சி துகள் மோதியின் முழு 13.6 டிஇவி மோதலில் ஆல்ஃபா × எஸ் சுமார் 2 × 10⁻²⁸. காரணி அதன் வர்க்க அளவில்தான் 1ஐ விட்டு நகரும். ஆகவே சதுரம் என்று எடுத்துக்கொள்வதில் எந்தப் பாவமும் இல்லை.

குறி வழக்கத்தில் விழிப்பாக இருங்கள். இழைக் கட்டுரைகள் பெரும்பாலும் காலத்துக்கு எதிர்க்குறி கொடுக்கும், துகள் கட்டுரைகள் நேர்க்குறி. இங்கே உண்மையான மோதலில் எஸ் நேர், ஆகவே அ எதிர். அப்போது பரப்புப் படம் நிற்காது, தொகையீடு விரியும். காமா சூத்திரத்துக்குப் போய்விட வேண்டும். அது ஆல்ஃபா × எஸ் = 1, 2, 3 என்ற இடங்களில் வெடிக்கும். அந்த இடங்கள்தான் இழையின் கனமான அதிர்வுகள். தொகையீட்டை நேராகக் கணினியில் போட்டு, விடை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தால் காரணம் இதுதான்.

வரிசைகளுக்கு இடையிலான உறவுகளும் இழையிலிருந்தே இலவசமாக வருகின்றன. 1234 வரிசைக்கும் 1243 வரிசைக்கும் காமா சூத்திரத்தை எழுதி வகுத்துப் பாருங்கள். காமாக்கள் எல்லாம் சைன்களாகச் சுருங்கி, விகிதம் சைன்(பை·ஆல்ஃபா·யு) ÷ சைன்(பை·ஆல்ஃபா·டி) என்று நிற்கும். விளிம்பில் ஒரு துகளை இன்னொன்றைத் தாண்டி நகர்த்தும்போது கிடைக்கும் கட்டக்கோணமே இந்தச் சைன். ஆல்ஃபா சிறியதானால் சைன் போய், டி × முதல் வீச்சு = யு × இரண்டாம் வீச்சு. 2008ல் பெர்ன், கராஸ்கோ, யோஹான்சன் மூவரும் புலக் கோட்பாட்டுப் பக்கமிருந்து கண்டுபிடித்த உறவு இது. அடுத்த ஆண்டே இழைப் பக்கமிருந்து நிறுவல் வந்தது. இதன் பலன், ஆறு குளுவானுக்கு 60 மாலையில் சார்பற்றவை 6 மட்டும். எட்டுக்கு 2,520ல் 120.

நேர்க்கோணத்தில் சரிபார்க்கலாம். மூன்று வரிசைகளும் பொதுக் காரணி நீங்கலாக 1/(எஸ்·டி), 1/(எஸ்·யு), 1/(டி·யு), அதாவது −2, −2, 4. கூட்டினால் சுழியம். அப்படித்தான் வர வேண்டும்: ஒரு குளுவானை ஃபோட்டானாக மாற்றினால் அது மற்றவற்றோடு ஒட்டாது என்பதன் எண் வடிவம் அது.

வளையப் படங்களுக்கு 1991, 92ல் பெர்ன், கோசோவர் இருவரும் இதே வேலையைச் செய்தார்கள். தட்டுக்குப் பதில் நடுவில் ஓட்டையுள்ள வளையத் தட்டு. ஆல்ஃபா சுழியமாகும்போது அது மெலிந்து ஒரு துகள் சுற்றி வரும் வட்டமாகிறது. 1993ல் ஐந்து குளுவான் ஒரு வளைய வீச்சு இந்த இழைவழி முறையில்தான் முதலில் கிடைத்தது. முழு விதிகள் நீளமானவை. ஆனால் அதன் சாறு இரண்டு துகள் கணக்கிலேயே இறங்கிவிடும்.

வட்டத்தில் இரண்டு குளுவான் ஒட்டுகின்றன. இடைவெளி வட்டத்தின் எத்தனை பங்கு என்பதை இ என்று வையுங்கள். சுற்றுவது ஸ்கேலார் (ஸ்பின் இல்லாத துகள்) என்றால் தொகையிட வேண்டியது (1 − 2இ)². சுழியத்திலிருந்து 1 வரை சராசரி 1/3. இணைப்பெண் ஆற்றலோடு மாறும் வேகத்தில் அந்தத் துகளின் பங்கு அது. சுற்றுவது ஃபெர்மியான் என்றால் அதே தொகையீட்டில் 1ஐக் கழித்து, முன்னால் எதிர்க்குறி போடுங்கள்: −(1/3 − 1) = 2/3. குளுவான் என்றால் ஸ்பின் இரண்டு மடங்கு, கழிவது அதன் வர்க்கம், 4. ஆக 1/3 − 4 = −11/3. வலுவிசை கிட்டத்தில் வலுக்குறையும் என்ற 1973ன் கண்டுபிடிப்பில், 2004ல் கிராஸ், பொலிட்சர், வில்செக் மூவருக்கும் நோபல் தந்த அதே 11/3. பாடநூல் வழியில் ஆவிப்படம் (கோஸ்ட்), நான்முனைப் படம் எல்லாம் போட்டு ஒரு வாரம் இழுக்கும் கணக்கு இது.

இன்னொரு வழியிலும் அதே எண் வருகிறதா என்று பாருங்கள். குளுவான் வளையம் = மிகைச்சமச்சீர் நான்கு கொண்ட தொகுப்பு − 4 × கைரல் தொகுப்பு + ஒரு கலப்பெண் ஸ்கேலார். முதலாவதன் பங்கு சுழியம். கைரல் தொகுப்பில் ஒரு ஃபெர்மியானும் ஒரு ஸ்கேலாரும், 2/3 + 1/3 = 1. ஆக 0 − 4 + 1/3 = −11/3. பெரிய வளையக் கணக்குகளை இப்படித்தான் இன்றும் பிரிக்கிறார்கள். இப்போது எல்எச்சி கணக்குகளில் இழை விதிகளை யாரும் நேராகப் போடுவதில்லை, வளையத்தை வெட்டி மரப்பட வீச்சுகளிலிருந்து கட்டும் யூனிட்டாரிட்டி வெட்டுகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் அந்த முறையை வளர்த்தவர்களும் பெர்ன், கோசோவர், டிக்ஸன், டன்பர் என்ற இதே வட்டத்தினர்தான். எதைப் பிரிக்கலாம், எது எளிது என்று காட்டியது இழை.

கடைசியாக ஈர்ப்பு. 1967ல் டிவிட் எழுதிக் காட்டிய கிராவிட்டான் மும்முனையில் 171 உறுப்பு, நான்முனையில் 2,850. கையால் போட முடியாது. இழையில் கிராவிட்டான் மூடிய இழை. மூடிய இழையின் தொகையீடு ஒரு கோளத்தின் மேல். 1986ல் கவாய், லூவெல்லன், டை மூவரும் அந்தக் கோளத் தொகையீட்டை இரண்டு கோட்டுத் தொகையீடுகளாக வளைத்துப் பிரித்தார்கள். இடையில் ஒரு சைன் மட்டும் மிஞ்சும். எல்லையில்,

ஈர்ப்பு வீச்சு = எஸ் × (1234 குளுவான் வீச்சு) × (1243 குளுவான் வீச்சு)

முன்னால் ஒரு கட்டக்கோணமும் இணைப்பெண்ணும் வரும். மேலே எழுதிய 1/(எஸ்·டி), 1/(எஸ்·யு) இரண்டையும் எஸ்ஸோடு பெருக்கினால் 1/(எஸ்·டி·யு). நான்கு கிராவிட்டானில் எதை எதோடு மாற்றினாலும் விடை மாறக்கூடாது, மாறவில்லை. இந்தச் சமச்சீர் வரவில்லை என்றால் இரண்டு வீச்சுக்கும் ஒரே வரிசையைப் போட்டிருப்பீர்கள். ஆல்ஃபாவின் அளவிலும் கவனம் வேண்டும், திறந்த இழையில் ஆல்ஃபா நிற்கும் இடத்தில் மூடிய இழையில் ஆல்ஃபாவில் கால் பங்கு நிற்கும்.

இந்தப் பெருக்கல் வழியின் நீட்சியில் 2019ல் பெர்ன், சியங், ரொய்பன், ஷென், சோலன், ஸெங் ஆகியோர் ஒன்றையொன்று சுற்றும் இரு கருந்துளைகளின் விசையை நியூட்டன் மாறிலியின் மூன்றாம் அடுக்கு வரை கணக்கிட்டார்கள். ஈர்ப்பலைகளைக் கண்டறியும் கருவிகளுக்குத் தேவையான கணக்கு அது, அடியில் இருப்பது குளுவான் வீச்சுதான்.

எங்கே தொடங்குவது என்றால், 30.375ஐ முதலில் கையால் எடுங்கள். பிறகு கோணத்தை மாற்றுங்கள்: 60 பாகையில் ஒரு வழி −¼, மற்றது −¾. பாடநூல் சூத்திரத்தில் அது 68.66. நிறவரிசை வழியிலும் அதே எண் வந்த பிறகு ஐந்து குளுவானுக்குப் போங்கள். 1991க்குப் பிந்தைய கட்டுரைகள் பெரும்பாலும் ஆர்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேற்கொண்டு போக விரும்புகிறவர்களுக்குச் சென்னையில் மேட்சயன்ஸ் ஆய்வு நிறுவனமும், கேரள எல்லை தாண்டினால் பக்கத்திலேயே விதுராவில் ஐசர் அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. ஐந்து குளுவானில் ஹெலிசிட்டி கூட்டும்போது மூன்று எதிர் அமைப்புகளையும் சேர்த்து 20 எண்ண வேண்டும். பத்தோடு நிறுத்தினால் விடை சரியாகப் பாதியாக வரும்.